மாற்றாமல் விட்ட ரேக்: ஒரு பழைய காரின் பவர் ஸ்டீரிங் ஆயில் கசிவு

என்னிடம் உள்ள காருக்கு வயது 19. ஓடிய தூரம் 1,60,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. எஞ்சினின் பெல்ட் சுழற்றும் பம்ப், அது அழுத்தித் தள்ளும் ஆயில், அந்த ஆயிலைச் சுமந்து செல்லும் ஹோஸ்கள், சக்கரங்களைத் திருப்பும் ரேக் என்று முழுக்க ஆயிலை நம்பி இயங்கும் பழைய வகைப் பவர் ஸ்டீரிங் அதில் உள்ளது. மின்மோட்டார் துணைசெய்யும் ஸ்டீரிங் கொண்ட கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவால் பயனில்லை; அவர்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை.

முதல் அறிகுறி காதுக்குத்தான் எட்டியது. காலையில் எஞ்சினை இயக்கி ஸ்டீரிங்கைத் திருப்பினால் ஒரு முனகல் எழும். சிறிது தூரம் ஓட்டியபின் அடங்கிவிடும். பெல்ட் தேய்ந்திருக்கும் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, ஒரு மாதம் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தேன். பிறகு வேறு வேலையாக பானெட்டைத் திறந்தபோது, பவர் ஸ்டீரிங் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருப்பதைக் கண்டேன். மேல்கோடு வரை நிரப்பினேன். மூன்று வாரத்தில் மீண்டும் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது. இது மூடிய சுற்று. எஞ்சின் ஆயிலைப் போல இதில் எதுவும் எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் எங்கோ வெளியேறுகிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

இரண்டு பணிமனைகளில் காட்டினேன். இரண்டிலும் காரைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, ரேக்கின் இடது முனையை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையின் மேல், அதாவது பெல்லோஸின் மேல், படிந்திருந்த சிவப்பு ஈரத்தைச் சுட்டிக்காட்டி, ரேக்கையே மாற்றிவிட வேண்டும் என்றார்கள். இந்த அமைப்பிலேயே அதிகச் செலவு வைக்கும் பாகம் ரேக்தான். அவர்கள் சொன்னதைப் பொய் என்று கருத முடியாது. ஈரம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஈரம் பெல்லோஸின் வெளிப்புறத்தில், அதிலும் மேற்பகுதியில் மட்டுமே இருந்தது என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ரேக்கின் முனை சீல் கிழிந்து வெளியேறும் ஆயில் முதலில் பெல்லோஸின் உள்ளே தேங்கி, உள்ளிருந்து கீழ்ப்பக்கமாக அல்லவா வடிய வேண்டும்? அந்த ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

தேடத் தொடங்குவதற்கு முன், ஆயில் எந்த வழியில் போய்வருகிறது என்பதைத் தாளில் வரைந்துகொண்டேன். டப்பாவிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் வழியாக ஆயில் பம்புக்கு இறங்குகிறது. இது உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேர்த்து அழுத்தி இணைக்கப்பட்ட உயர் அழுத்தக் குழாய் ரேக்கின் தலையில் உள்ள வால்வுக்குச் செல்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அந்த வால்வுக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கின் அளவுக்கு ஏற்ப ஆயில் ரேக்கின் இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பிவிடப்படுகிறது. வேலை முடிந்த ஆயில், முன்பக்கம் காற்றுப் படும் இடத்தில் வளைந்து செல்லும் ஓர் உலோகக் குழாயில் சூடு தணிந்து, மெல்லிய ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது.

இந்த மூன்று பக்கங்களிலும் அழுத்தம் ஒன்றல்ல. நேராக ஓட்டும்போது உயர் அழுத்தக் குழாயில் சில பார் அளவே இருக்கும். ஸ்டீரிங்கைக் கோடி வரை திருப்பி அழுத்திப் பிடித்தால், சிறிய கார்களில் அது ஏறத்தாழ 70 முதல் 100 பார் வரை ஏறிவிடும். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தம் 2 பார் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஹோஸ் தாங்கும் பாரம் விளங்கும். திரும்பும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைவு. உறிஞ்சும் பக்கத்தில் எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்றைவிடவும் குறைவு. ஆகவே திரும்பும் ஹோஸில் ஓட்டை இருந்தால் ஓட்டும் நேரமெல்லாம் கசிந்து, நிறுத்திய பின்னும் சொட்டும். உயர் அழுத்தப் பக்கத்தில் இருந்தால் திருப்பும்போது மட்டும் கசியும். உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் ஆயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். எப்போது கசிகிறது என்று கவனித்தாலே எங்கே கசிகிறது என்பதில் பாதி தெரிந்துவிடும் என்று இந்த வரைபடம் எனக்குச் சொன்னது. அதை நான் உடனே பயன்படுத்திக்கொண்டேனா என்றால் இல்லை. அதற்கு முன் சில வாரங்களை வீணாக்கினேன்.

கீழே சொட்டுவது உண்மையிலேயே பவர் ஸ்டீரிங் ஆயில்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரவில் காரின் முன்பகுதிக்குக் கீழே பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தேன். காலையில் பார்த்தபோது அட்டையில் சிவப்பான மூன்று சொட்டுகள் இருந்தன. என் காரின் பவர் ஸ்டீரிங்குக்கு ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள். கியர்ப்பெட்டியோ கையால் மாற்றும் வகை. எனவே சிவப்பு என்றால் அது ஸ்டீரிங்கிலிருந்து மட்டுமே வர முடியும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காராக இருந்தால் இந்த முடிவுக்கு இவ்வளவு எளிதாக வந்திருக்க முடியாது. ரேடியேட்டர் நீரும் சில கார்களில் சிவப்பாக இருக்கும். அதை விரல்களுக்கிடையே தேய்த்தால் நீர்போல இருக்கும், ஆயில் வழுவழுக்கும்.

அடுத்த வேலை கழுவுவது. இதை ஒருவரும் விரும்பிச் செய்வதில்லை. நானும் தள்ளிப்போடத்தான் பார்த்தேன். 19 ஆண்டு அழுக்கும் ஆயிலும் சேர்ந்து பம்பைச் சுற்றிக் களிம்புபோல் ஒட்டியிருந்த நிலையில், புதிய கசிவு எது, பழைய கறை எது என்று பிரித்தறியவே முடியாது. ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டி மூடிவிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது கிரீஸ் நீக்கும் திரவத்தைத் தெளித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நீரை மெதுவாக ஊற்றிக் கழுவினேன். வேகமாகப் பாய்ச்சும் நீர் மின் இணைப்புகளுக்குள் புகுந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். பம்ப், அதற்குக் கீழே எஞ்சினைத் தாங்கும் ரப்பர் வைத்த எஞ்சின் மவுண்ட், ரேக், இரு பெல்லோஸ்கள், ஹோஸ்களின் முழு நீளம் எல்லாவற்றையும் துணியால் துடைத்து உலரவிட்டேன். எஞ்சின் மவுண்டின் ரப்பர் ஆயிலில் ஊறி மிருதுவாகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் அதையும் மாற்ற நேர்ந்திருக்கும்.

உலர்ந்த பாகங்களின் மேல் முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடரைத் தூவினேன். வெள்ளைப் படலத்தில் ஆயில் பட்டால் அந்த இடம் கருத்துத் தெரியும். எஞ்சினை இயக்கி, உதவிக்கு வந்தவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கோடியில் 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தேன். அந்த நிலையில் பம்பின் ஆயில் முழுவதும் உள்ளே இருக்கும், அழுத்தம் மிகும்போது திறக்கும் நிவாரண வால்வு வழியாகவே சுற்றி வந்து வெகுவேகமாகச் சூடேறும். கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது என்பதும் முக்கியம். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. சந்தேகமான இடங்களுக்கு அருகே ஓர் அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்த்தேன்.

பத்து நிமிடத்துக்குள் ஒரு கசிவு அகப்பட்டது. டப்பாவின் கீழ்மூக்கில் திரும்பும் ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில் பவுடர் கருத்து, ஒரு சொட்டு திரண்டு நின்றது. ஹோஸின் ரப்பர் விறைத்துப்போய், அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் கிளாம்ப் பிடிப்பை இழந்திருந்தது. ஹோஸைக் கழற்றியபோது முனை மூக்கின் வடிவத்திலேயே விரிந்து நின்றது. ரப்பருக்கு உயிர் இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் என் அவசரம் ஒரு வேலையை இரண்டாக்கியது. சரியான ஹோஸ் கையில் இல்லை; அதே விட்டத்தில், ஹீட்டருக்குச் செல்லும் நீர் ஹோஸின் மீதித் துண்டு ஒன்று இருந்தது. திரும்பும் பக்கத்தில் அழுத்தம் குறைவுதானே, ஓரிரு வாரம் தாங்கும் என்று அதை மாட்டிவிட்டேன். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் ரப்பரால் ஆனவை. சூடான நீரை அது பல்லாண்டு தாங்கும், ஆனால் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். இரண்டாம் வார முடிவில் அந்தத் துண்டு ஊறவைத்த தோல்போலக் கொழகொழத்து, கிளாம்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. உட்சுவரிலிருந்து உதிர்ந்த கருந்துகள்கள் டப்பாவில் மிதந்தன. பிறகு பவர் ஸ்டீரிங் திரும்பும் ஹோஸ் என்றே விற்கப்படும், ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் உட்சுவர் கொண்ட ஹோஸை வாங்கி மாட்டினேன். திருகுக் கிளாம்பைத் தவிர்த்து மீண்டும் ஸ்பிரிங் கிளாம்பையே போட்டேன்; சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ஹோஸோடு ஸ்பிரிங் கிளாம்ப் தானாகவே ஒத்துப்போகும், திருகுக் கிளாம்பை மிகையாக முடுக்கினால் ரப்பரை வெட்டிவிடும்.

காலை அட்டையில் சொட்டுகள் நின்றன. வேலை முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் ஆறு வாரம் கழித்து டப்பாவின் அளவு மறுபடியும் பாதிக்கு இறங்கியிருந்தது. இடது பெல்லோஸின் மேல் அதே ஈரம். நிறுத்தியிருக்கும்போது ஒரு சொட்டும் விழவில்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது. நான் வரைந்துவைத்த தாளை அப்போதுதான் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நிற்கும்போது வடியாமல் ஓடும்போது மட்டும் போவது என்றால் அது உயர் அழுத்தப் பக்கம், அல்லது ரேக்கின் சீல்.

ரேக்கை முதலில் விசாரித்துவிடத் தீர்மானித்தேன். காரின் முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. இரண்டு பெல்லோஸ்களின் உட்பக்கக் கிளாம்புகளையும் தளர்த்தி, உறையைச் சற்றே பின்னுக்கு இழுத்து உள்ளே பார்த்தேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. என் காரில் உள்ளதுபோல இரு பெல்லோஸ்களையும் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் இணைத்திருந்தால், ஒரு பக்கச் சீல் கசிந்து தேங்கிய ஆயில் மறுபக்க உறையிலும் தென்படக்கூடும். இரண்டுமே உள்ளே உலர்ந்திருந்தன. பூசிய கிரீஸ் அப்படியே இருந்தது. ரேக் தண்டில் மெல்லிய படலம் மட்டுமே இருந்தது, தேக்கம் எதுவும் இல்லை. ஸ்டீரிங் தண்டு ரேக்குக்குள் நுழையும் இடத்திலும், காருக்குள் பெடல்களுக்கு மேலேயும் தடவிப் பார்த்தேன். அங்கும் ஈரம் இல்லை. மாற்றச் சொன்ன ரேக்கில் குறை ஏதும் இல்லை என்பது, ஒரு கிளாம்பைத் தளர்த்திப் பார்த்த ஐந்து நிமிடத்தில் தெளிவாயிற்று. பெல்லோஸுக்கு வெளியே இருந்த ஆயில் அதற்கு மேலே எங்கிருந்தோ வந்து விழுந்தது.

மிக நுண்ணிய கசிவைப் பவுடரால் பிடிக்க முடியவில்லை. ஓடும் காரில் காற்று பவுடரையே அடித்துச் சென்றுவிடுகிறது. ஆகவே புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைச் சில மில்லிலிட்டர் டப்பாவில் கலந்தேன். வாங்கும்போது எண்ணெய் அமைப்புகளுக்கு உரியதா என்று பார்த்து வாங்க வேண்டும். நீரில் கரையும் ரேடியேட்டர் சாயமும் இதே தோற்றத்தில் கிடைக்கிறது. இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டினேன். மூன்றாம் நாள் இரவில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒரு திருப்பம் நிறைந்த வழியில் ஓட்டிவந்து நிறுத்தி, மஞ்சள் கண்ணாடி அணிந்து, ஊதா டார்ச்சை அடித்தேன்.

பெல்லோஸின் மேல் பச்சை கலந்த மஞ்சள் ஒளி. அதை விட்டுவிட்டு மேலே போனேன். ஈரமான இடங்களில் மிக உயரத்தில் இருப்பது எது என்பதே கேள்வி. பெல்லோஸுக்கு மேலே உயர் அழுத்த ஹோஸின் வளைவு. அந்த வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு நூல்போல ஒளிக்கோடு. கோட்டைத் தொடர்ந்து பம்பை நோக்கி ஏறினால், ரப்பர் ஹோஸை இரும்புக் குழாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும் உலோகக் குப்பியின் வாயில் ஒரு முழு வளையம் ஒளிர்ந்தது. குப்பிக்கு மேலே, பம்பின் போல்ட் வரை, ஒளி இல்லை. குப்பியின் வாயில் பிறந்த கசிவு ஹோஸின் அடிவயிற்றை ஒட்டி ஓடி, வளைவின் தாழ்ந்த இடத்தில் சொட்டாகி, நேர் கீழே இருந்த பெல்லோஸின் மேல் விழுந்திருக்கிறது. இடையே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதே குப்பி முற்றிலும் உலர்ந்திருந்தது. ஆயில் சூடாகி நீர்த்து, ஸ்டீரிங் கோடியில் நின்று, அழுத்தம் உச்சத்துக்கு ஏறும்போது மட்டும் அங்கே வியர்வைபோல் ஊறியது. பணிமனைகளில் ஆறிய காரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியாமல் போனதில் வியப்பில்லை. இந்தக் குழாய்க்குப் பக்கத்தில், எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. செக்கச் சிவக்கும் சூடேறிய இரும்பில் இந்த ஆயில் பீறிட்டுப் பட்டால் புகையோடு நிற்காது, தீப்பற்றும். குப்பியில் ஊறுவது என்றால் அடுத்த கட்டம் ஹோஸ் குப்பியை விட்டுப் பிய்ந்து வருவதுதான்; அதன் மேல் கிளாம்ப் போட்டு இறுக்குவதோ பசை தடவுவதோ 70 பார் அழுத்தத்துக்கு முன் நிற்காது. முழுக் குழாயையும் மாற்றுவதே ஒரே வழி.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, டப்பாவிலிருந்த ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். ரேக்கின் பக்கம் குழாயைப் பிடித்திருப்பது ஃபிளேர் நட். அதன் அறுகோண முனைகள் மென்மையானவை. சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனரைப் போட்டால் முனைகள் உருண்டுவிடும். நட்டின் ஐந்து பக்கங்களையும் தழுவிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர் இல்லாமல் இதில் கை வைக்கக் கூடாது. முந்தைய நாளே துரு இளக்கும் ஆயிலை இரண்டு முறை தெளித்து ஊறவைத்திருந்தும், நட் முதலில் அசையவில்லை. இழுத்த விசையை வைத்துக்கொண்டே ஸ்பேனரின் முனையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் கிறீச்சென்று இளகியது. பம்பின் பக்கம், ஆயில் தன் ஊடே செல்லும்படி துளையிட்ட பான்ஜோ போல்ட். அதன் இருபுறமும் ஒவ்வொரு செப்பு வாஷர். அங்கே சிக்கல் இல்லை.

பழைய குழாயை வெளியே எடுத்தபின் ஆர்வத்தால் குப்பியை ஒட்டி ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளி ரப்பர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. உட்சுவர் மட்டும் கல்போல் இறுகி, குப்பி கவ்வியிருந்த இடத்தில் வட்டமாக மயிரிழை விரிசல் விட்டிருந்தது. ஆயில் அந்த விரிசல் வழியாக இடையில் உள்ள பின்னல் நூல் அடுக்குக்குள் புகுந்து, அதன் ஊடே பயணித்து, குப்பியின் வாயில் வெளிப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஹோஸில் ஒரு விரிசலும் தெரியாததன் காரணம் இதுதான்.

புதிய குழாயைப் பொருத்தும்போது இரு முனைகளையும் முதலில் விரலால் மட்டும் மூன்று நான்கு சுற்று ஏற்றினேன். ரேக்கின் வால்வு உடல் மிருதுவான உலோகம், மறை பிசகி ஏறினால் அப்போது உண்மையிலேயே ரேக்கை மாற்ற வேண்டியதாகிவிடும். இரண்டும் தளர்வாக இருக்கும் நிலையில் ஹோஸை இயல்பான வளைவில் கிடத்தி, மேனிஃபோல்டிலிருந்து விலக்கிப் பிடிக்கும் பிடிப்பானை மாட்டி, வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்ப வைத்தபின்தான் முடுக்கினேன். முடுக்கும்போது குழாயை மறு கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் நட்டோடு சேர்ந்து ஹோஸும் முறுக்கிக்கொள்ளும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பம்ப் எஞ்சினில் இருக்கிறது, எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் ஆடுகிறது. ரேக்கோ சட்டத்தோடு இறுகியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே ஹோஸ் விறைப்பாக நின்றால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் குப்பியை இழுத்துக்கொண்டே இருக்கும். செப்பு வாஷர்கள் இரண்டையும் புதிதாகவே போட்டேன். பழைய செப்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி மீண்டும் மிருதுவாக்கலாம் என்பது உண்மைதான்; ஆனால் இவ்வளவு சிரமப்பட்டுக் கழற்றிய இடத்தில் அந்தச் சிக்கனம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

முனகல் மட்டும் மிச்சம். ஆயில் குறைந்ததால் காற்று கலந்து முனகுகிறது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் டப்பா நிறைய ஆயில் இருந்த நாட்களிலும் காலையில் அது கேட்டிருக்கிறது. அப்போது டப்பாவுக்குள் பார்த்தால் ஆயிலில் நுண்ணிய நுரை படிந்திருக்கும். வெளியே கசியாமல் உள்ளே காற்றை இழுக்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும். உறிஞ்சும் ஹோஸ் வந்து சேரும் மூக்கு, பம்பின் உடலோடு ஒரே ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டு, உள்ளே ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தால் அடைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினேன். உருண்டையாக இருக்க வேண்டிய ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு சதுரமாகித் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, வளைத்தால் ஒடிந்தது. குளிர்ந்த காலையில் கெட்டியான ஆயிலை இழுக்கப் பம்ப் திணறும்போது இந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. சூடேறியதும் ஆயில் இளகி, உறிஞ்சும் விசை குறைந்து, ஓசை அடங்கியிருக்கிறது. சாயம் இதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ஓ-ரிங்கை, அதே உள்விட்டமும் அதே தடிமனும் பார்த்து வாங்கி, ஆயில் தடவிப் பொருத்தினேன். இந்தப் பழுதுபார்ப்பு முழுவதிலும் ஆகச் சிறிய பாகமும் இதுதான், பலன் உடனே தெரிந்த பாகமும் இதுதான்.

ஆயிலைப் பற்றி ஒரு சொல். என் காரின் கையேடு டெக்ஸ்ரான் 3 என்னும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் தரத்தைச் சொல்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் வழங்குவதை 2006-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. இப்போது விற்பவை அந்தத் தரத்துக்கு ஏற்றவை என்று தயாரிப்பாளர்களே சொல்லிக்கொள்பவை. எனவே போத்தலின் முகப்பை மட்டும் பார்க்காமல், பின்புறம் பவர் ஸ்டீரிங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் படித்து வாங்கினேன். எல்லாக் காருக்கும் இந்தச் சிவப்பு ஆயில் பொருந்தாது. சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிறச் செயற்கை ஆயில் வேண்டும். ஹோண்டா தனக்கென ஒன்றைக் குறிப்பிடுகிறது. மாற்றி ஊற்றினால் சீல்களே கெட்டுப் புதிய கசிவுகள் தொடங்கும். பிரேக் ஆயிலைத் தவறியும் ஊற்றிவிடக் கூடாது. கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் அதில் ஊதிக் கெடும்.

கசிவை அடைக்கும் மருந்து என்று விற்கப்படும் திரவங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவை ரப்பரைச் சற்று ஊதச்செய்து மிருதுவாக்குபவை. விறைத்துப்போன சீல் ஒன்றில் சில மாதம் பயன் தரலாம். ஆனால் என் காரில் இருந்த மூன்று குறைகளில் ஒன்றைக்கூட அவை தீர்த்திருக்காது. வெடித்த உட்சுவரையும் தளர்ந்த கிளாம்பையும் ஒடிந்த ஓ-ரிங்கையும் எந்தத் திரவமும் திரும்பச் செய்யாது. நல்ல நிலையில் இருந்த ரேக் சீல்களையும் சேர்த்தே ஊதவைத்திருக்கும்.

பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்ற, திரும்பும் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, டப்பாவின் மூக்கை ரப்பர் மூடியால் அடைத்தேன். முன்சக்கரங்கள் தரையில் படாத நிலையில், எஞ்சினை இயக்காமலேயே உதவியாளர் ஸ்டீரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பிக்கொண்டே இருக்க, நான் டப்பா காலியாகிவிடாதபடி புதிய ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தேன். முதலில் கறுப்பு, அடுத்துப் பழுப்பு, கடைசியில் தெளிந்த சிவப்பு. முதல் அவசரத்தில் உதிர்ந்த ஹீட்டர் ஹோஸ் துகள்களும் இதில்தான் வந்து சேர்ந்தன. ஒரு லிட்டருக்குச் சற்று மேல் செலவாயிற்று.

காற்றை வெளியேற்றும் வேலைக்குப் பொறுமை மட்டுமே வேண்டும். ஹோஸை மாட்டி, மேல்கோடு வரை நிரப்பி, எஞ்சின் நின்ற நிலையிலேயே இன்னும் 20 முறை கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பினோம். ஒவ்வொரு நான்கைந்து திருப்பலுக்கும் குமிழிகள் எழுந்து அளவு இறங்கும், நிரப்பினேன். குமிழிகள் நின்ற பின்னரே எஞ்சினை இயக்கினேன். முதலிலேயே இயக்கியிருந்தால் பம்ப் அந்தக் காற்றை ஆயிலோடு கடைந்து பாலாடைபோன்ற நுரையாக்கிவிடும். பிறகு அது தெளியக் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பம்பின் தகடுகளும் உராய்வு தடுக்கும் படலம் இல்லாமல் தேயும். எங்களுக்கும் சிறிது நுரை வரத்தான் செய்தது. எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி இயக்கியபோது ஆயில் தெளிந்திருந்தது. ஆயில் பட்டு வழுக்கிய பெல்ட்டைத் துடைத்துப் பயன்படுத்தாமல் புதிதாக மாற்றினேன்.

மறுநாள் காலை ஸ்டீரிங்கைத் திருப்பியபோது முனகல் இல்லை. அதன்பின் மூன்று மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை ஆறிய எஞ்சினில் அளவைப் பார்த்துக் குறித்துவருகிறேன்; மேல்கோட்டிலிருந்து ஓர் இழைகூட இறங்கவில்லை. அட்டையை ஐந்து இரவுகள் விரித்துப் பார்த்து, பிறகு எடுத்துவைத்துவிட்டேன். சென்ற வாரம் ஊதா டார்ச்சை மீண்டும் அடித்துப் பார்த்தபோது குப்பி, ஹோஸ், பெல்லோஸ் எல்லாம் இருண்டே இருந்தன. பம்பின் புல்லிக்கு, அதாவது பெல்ட் சுற்றும் சக்கரத்துக்குப் பின்னால், தண்டு வெளிவரும் இடத்தில் மட்டும், விரல் நகத்தின் அளவுக்கு மங்கலான ஓர் ஒளி. அது கழுவும்போது விட்டுப்போன பழைய சாயமாக இருக்கலாம். தண்டின் சீல் தளரத் தொடங்கியிருப்பதாகவும் இருக்கலாம். அந்தச் சீல் போனால் சுழலும் புல்லி ஆயிலை வட்டமாக வீசி, சுற்றியுள்ள பாகங்களில் ஒரு வளையக் கோடு விழும். அது இன்னும் இல்லை. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.